தோல் பதனிடுகிற சீமோனின் வீடு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது.   

உன் கடிதம் கிடைத்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றும் எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் நான் பேசுகிறேன், அது என் பொறுப்பு. அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கர்த்தர் உன்னை அழைத்திருந்தால் நீ போகத்தான் வேண்டும். நானே பஸ் ஏற்றி அனுப்புவேன். நம் சேரிக்குச் சுவிசேஷம் வந்ததே, யாரோ சிலர் சொந்த ஊரையும் உத்தியோகத்தையும் விட்டுப் புறப்பட்டு வந்ததால்தான். ஆனால் உன் கடிதத்தில் அழைப்பைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. மீதியெல்லாம் வேலையின் மேல் உனக்கு இருக்கிற வெறுப்பு. ஷூ கம்பெனியில் கியூ.சி. பார்த்து ஆயுசை வீணாக்குகிறேன், இது உலகத்துக்கடுத்த வேலை, இதில் ஆண்டவருக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் பெரியப்பாவால் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

கன்வென்ஷனில் பேசியவர், நீ எத்தனை ஜோடி ஷூ பார்த்தாய் என்றா நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் கேட்கப்போகிறார் என்று சொன்னாராம். அது உன் மனதில் தைத்துவிட்டது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி. ராஜா அங்கே கேட்கிறதெல்லாம் என்ன? பசித்தபோது சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், உடுத்தத் துணி, வியாதியில் விசாரிப்பு. எல்லாம் உடம்புக்கு வேண்டியவை. எல்லாம் யாரோ ஒருவர் கையால் செய்துதான் இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டியவை. சோறு என்றால் நாற்று நட்டவர் உண்டு, துணி என்றால் நெய்தவர் உண்டு. காலுக்குச் செருப்பு அந்தக் கணக்கில் வராது என்று யார் சொன்னது?

நம் வீட்டுக் கதை உனக்கு முழுவதும் தெரியாது. உன் தாத்தா தோல் மண்டியில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் நீக்குவார். விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். எத்தனை முறை குளித்தாலும் உடம்பில் அந்த வாடை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் உட்காருவார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது புதிதாகக் கேட்டால், “கூலி வேலை” என்று மட்டும் சொல்வார். தோல் என்று வாயால் சொல்ல மாட்டார். சாதி அவருக்குச் சுமத்திய வெட்கம் அது. ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அதை இறக்கி வைக்கச் சபை அவருக்கு உதவவில்லை. நான் ஆஸ்பத்திரிச் செருப்புப் பட்டறையில் சேர்ந்தபோது அவர் சந்தோஷப்படவில்லை. என் பிள்ளையும் தோலிலேயே விழுந்துவிட்டானே என்றுதான் அம்மாவிடம் சொன்னார்.

பல வருஷம் கழித்து எங்கள் ஆயர் பைபிள் ஸ்டடியில் அப்போஸ்தலர் 9, 10ஆம் அதிகாரங்களை எடுத்தார். பேதுரு யோப்பா பட்டணத்தில் அநேக நாள் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் என்பவன் வீட்டில். நானும் அதைச் சின்ன வயதிலிருந்து வாசித்ததுதான். ஆயர் அதன் பின்னணியைச் சொன்னார். செத்த மிருகத்தைத் தொடுவது யூதருக்குத் தீட்டு. அதனால் தோல் வேலைக்காரனை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அவர்களுடைய மிஷ்னாவில், கல்லறையைப் போலவே தோல் பதனிடும் இடத்தையும் ஊரைவிட்டு 50 முழம் தள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீமோன் வீடு கடலோரத்தில் இருந்ததும் சும்மா இல்லை, வேலைக்குத் தண்ணீர் வேண்டும்.

அந்த வீட்டு மாடியில்தான் பேதுரு தரிசனம் கண்டார். தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டு என்று சொல்லாதே என்று அவருக்குச் சொல்லப்பட்டது அங்கேதான். புறஜாதியாருக்குச் சபையின் கதவு திறந்தது அந்த வீட்டிலிருந்துதான். இன்னொன்றையும் கவனி. செசரியாவில் கொர்நேலியுவுக்குத் தேவதூதன் விலாசம் சொல்கிறான். சீமோன் வீடு என்று சொல்லி விடவில்லை, தொழிலையும் சேர்த்துச் சொல்கிறான். உன் தாத்தா கோவிலுக்குள் வாய்விட்டுச் சொல்லத் துணியாததைத் தேவதூதன் வெட்கப்படாமல் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா உயிரோடிருக்கும்போது இதை அவருக்கு யாரும் வாசித்து விளங்கவைக்கவில்லையே என்று இருந்தது.

அதே 9ஆம் அதிகாரத்தில், அதே யோப்பாவில், தொற்காள் இருக்கிறாள். அவள் செத்துக் கிடக்கும்போது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்கு எதைக் காட்டினார்கள்? அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளை. அவள் ஜெபத்தில் பேசினதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. அவள் போட்ட தையல் இருக்கிறது. உன் கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் உட்கார்ந்திருக்கிற அக்காமார்கள் இந்த அதிகாரத்தை வாசித்தால் அது தங்களைப் பற்றி என்று கண்டுகொள்வார்கள்.

இனி என் பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன். நீ சின்னப் பையனாக வந்து ரப்பர் துண்டு பொறுக்கிக்கொண்டு போவாய், ஞாபகம் இருக்கும். நாங்கள் செய்தது எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு. குஷ்டரோகத்தில் நரம்பு செத்துப்போனவர்களுக்கு உள்ளங்காலில் உணர்ச்சி இருக்காது. கல் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. நடந்துகொண்டே இருப்பார்கள், புண் எலும்புவரை போய்விடும். அதனால் உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், குதிகாலைப் பிடிக்க ஒரு பின்வார். விரல் மடங்கிப்போன கைக்குப் பக்கிள் போட வராது, ஆகவே ஒட்டுகிற வெல்குரோ. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஆணி அடிக்கக் கூடாது. பசையும் தையலும் மட்டும்தான். சாதாரண ஆள் செருப்பில் ஆணி தலைதூக்கினால் முதல் அடியிலேயே கழற்றிப் பார்ப்பான். எங்கள் ஆட்கள் மாலைவரை அதன் மேல் நடப்பார்கள்.

ஆகவே செருப்பை முடித்ததும் என் உள்ளங்கையால் உட்புறம் முழுவதும் அழுத்தித் தடவிப் பார்ப்பேன். தையல் முடிச்சு, பசைக் கட்டி, வார் சேருமிடத்து மடிப்பு, இவை எதையும் அந்தக் கால் சொல்லாது, என் கைதான் சொல்ல வேண்டும். போட்டுக் கொஞ்ச நேரம் நடக்கவிட்டு, கழற்றி, எங்கே சிவந்திருக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்ப்போம். இரண்டு கையாலும் ஒரு மனுஷனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிற வேலை அது. ஆண்டவர் மேல்வீட்டில் சீஷர் காலைக் கழுவினதை நான் எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

ஒரு பாட்டி வருவார்கள், களை எடுக்கிற கூலி. கட்டைவிரலுக்குக் கீழே ஆறாத புண். செருப்பு கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவார்கள், அடுத்த முறை வெறுங்காலோடு வருவார்கள். ஏன் பாட்டி என்றால் பதில் வராது. ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்கள்: இந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, பேத்தி கல்யாணத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு எப்படிப் போவேன்? அதன் பிறகு பழுப்புத் தோலில் வார் வெட்டி, கடையில் விற்கிற பெண்கள் செருப்பின் சாயலில் ஒரு ஜோடி தைத்தேன். உள்ளே எல்லாம் அதே எம்.சி.ஆர்.தான். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். புண் ஆறியது. நான் அந்தப் பாட்டியிடம் சுவிசேஷம் பேசவில்லை என்று வைத்துக்கொள், அப்போதும் அந்த ஜோடிச் செருப்பு ஆண்டவருக்குச் செய்ததுதான்.

டாக்டர் பால் பிராண்டை நீ கேள்விப்பட்டிருப்பாய். 1914இல் கொல்லிமலையில் மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். படிக்க இங்கிலாந்து போனவர் முதலில் கற்றுக்கொண்டது டாக்டர் தொழில் இல்லை, கட்டட வேலை. கல், மரம், உளி, இழைப்புளி என்று சில வருஷம் போனது. அதன் பிறகுதான் மருத்துவம். 1946இல் வேலூருக்கு வந்தார். குஷ்டரோகிகளின் மடங்கின விரல்களில், நல்ல நிலையில் இருக்கிற தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தலாம் என்று காட்டினார். யாரும் தொடாத கைகள் அவை.

ஒரு தரம் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவர் கைக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு சின்னப் பையன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் தரையில் ரத்தம். சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது, அவனுக்கு வலிக்கவே இல்லை. விரல்கள் குஷ்டத்தால் தானாக அழுகி விழுவதில்லை, வலி இல்லாததால் அன்றாட வேலையில்தான் சேதமாகின்றன என்று அவர் கண்டுகொள்ள இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் வழிகாட்டின. ஆனால் சரியான கையோடு திரும்பிப் போனவர்களுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. கை நிமிர்ந்ததால் பிச்சையும் குறைந்தது. அப்போது மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கி அவர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். வீணாய்ப்போனதாக எண்ணக்கூடிய அந்தக் கட்டட வேலை வருஷங்கள் அங்கே பலன் கொடுத்தன. ஒரு மனுஷனுக்குக் கையைத் திருப்பிக் கொடுப்பதோடு டாக்டர் நிறுத்தவில்லை. அந்தக் கைக்கு ஒரு வேலையையும் கொடுத்தார். வேலை கிடைத்த பிறகுதான் அவன் முழு மனுஷனாக நிமிர்ந்தான்.

ஆதியாகமத்தை நினைத்துப் பார். ஏதேனில் மனுஷனைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தது 2ஆம் அதிகாரம். பாவம் வந்தது 3ஆம் அதிகாரம். வேலை சாபத்தால் வந்ததல்ல. வேர்வையும் முள்ளும்தான் பிறகு சேர்ந்தன. அந்த 3ஆம் அதிகாரத்தின் கடைசியில், வெட்கத்தில் நின்ற அந்த இரண்டு பேருக்கும் தோல் உடை உண்டாக்கி உடுத்தினது கர்த்தர்தான். ஆசரிப்புக் கூடாரத்தின் மேலே போர்த்தினதும் சிவப்புச் சாயம் ஏற்றின ஆட்டுக்கடாத் தோல். அதைச் செய்ய வேண்டிய பெசலெயேலைத் தம்முடைய ஆவியால் நிரப்பினேன் என்று தேவன் சொல்கிறார். அவன் ஆசாரியனும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல, கைவேலைக்காரன்.

நம் ஆண்டவர் நாசரேத்தில் தச்சராக இருந்தார். ஊழியம் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. யோர்தானில் வானம் திறந்து, இவர் என் நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன் என்று பிதா சொன்னது எப்போது? ஒரு பிரசங்கம் நடந்திருக்கவில்லை. ஒரு குருடன் பார்வையடைந்திருக்கவில்லை. அதுவரை நடந்தது மரம் அறுத்ததும் இழைத்ததும், தாயையும் வீட்டையும் பார்த்ததும்தான். அந்த வருஷங்களின் மேலும் பிதாவின் பிரியம் இருந்தது, மகனே.

இதையெல்லாம் சொல்வதால், சம்பளம் வருகிற எந்த வேலையும் பரிசுத்தம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. பண்படுத்து என்றவர் காத்துக்கொள் என்றும் சேர்த்தே சொன்னார். நம் ஜில்லாவில் தோலைப் பண்படுத்தினோம், பாலாற்றைக் காக்கவில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், மண்ணையும் தண்ணீரையும் கெடுத்தவனே இழப்பீடும் கொடுத்து, சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும், 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக வெகுதூரத்திலிருந்து வந்திருந்த பிள்ளைகள். கூலிக்காரருடைய கூக்குரல் கர்த்தருடைய காதில் விழுகிறது என்று யாக்கோபு எழுதினதை, நம் பக்கத்துச் சபைகள் ராணிப்பேட்டையை நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும்.

ஆகவே உன் இடத்தில் நீ கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. ஷிப்மென்ட் நெருக்கும்போது ரிஜெக்ட் ஆக வேண்டியதைப் பாஸ் பண்ணச் சொல்கிறார்கள், மனச்சாட்சி குத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குத்தலைக் கேட்டு வேலையை விட்டு ஓட வேண்டாம், அதன்படி வேலையைச் செய். கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகள் சொல்வது உன் மேஜைக்கும் பொருந்தும். ஊசி உடைந்தால், உடைந்த துண்டு முழுவதும் கைக்கு வரும்வரை அந்த ஜோடியை நகர்த்தக் கூடாது என்று உங்கள் கம்பெனியிலேயே விதி இருக்கிறது என்றாய். அந்த விதியை விடாமல் பிடி. மெட்டல் டிடெக்டர் பார்த்துக்கொள்ளும் என்று விடாதே. அந்த ஷூவைப் போடப்போகிற பிள்ளையை நீ பார்க்கப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்கும் உன்னைத் தெரியாது. முகம் தெரியாத அயலானுக்கு நீ காட்டுகிற அன்பு அந்த மேஜையில்தான் நடக்கிறது.

உன் லைனில் இருக்கிற பெண்களையும் நினை. போவாஸ் வயலுக்கு வந்ததும் முதலில் அறுவடைக்காரரை வாழ்த்துகிறார். ரூத்தைத் தொந்தரவு செய்யாதபடி ஆட்களுக்குக் கட்டளையிட்டு, தாகமெடுத்தால் வேலைக்காரர் மொண்டு வைத்த குடத்தில் குடி என்கிறார். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் டார்கெட் குறையும் என்று காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் உட்காருகிற பெண்கள் உன் கண் முன்னால் இருக்கிறார்கள். சூப்பர்வைசரோடும் மேலே இருப்பவர்களோடும் பேச உனக்கு இடம் இருக்கிறது. பேசு. ஒரு முறை பேசி நடக்கவில்லையென்றால் மறுபடி பேசு. தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் அவர்களுக்கு நேரம் கேட்டு வாங்கிக் கொடுத்தால், உமது நாமத்தில் என்ன செய்தேன் என்று ஆண்டவர் முன் நிற்கும்போது சொல்ல உனக்கு ஒன்று இருக்கும்.

ஓய்வையும் விடாதே. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போட்டுப் போட்டு உன் உடம்பு இளைத்துவிட்டது என்று அம்மா வருத்தப்படுகிறாள். பாதிக் கசப்பு களைப்பிலிருந்தும் வரும். உபாகமத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்கிற காரணம், நீங்கள் எகிப்தில் அடிமையாயிருந்தீர்கள் என்பதுதான். வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாம் அன்று இளைப்பாற வேண்டும். ஒரு நாள் வேலையை நிறுத்துகிறவன், என்னைத் தாங்குகிறது என் சம்பளம் இல்லை என்று கர்த்தருக்கு முன்பாக அறிக்கையிடுகிறான். தங்கச்சி கல்யாணக் கடனுக்காகத்தான் ஓ.டி. போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அதில் என் பங்கு ஒன்று உண்டு, வரும்போது பேசுவோம்.

கடைசியாக ஒன்று. நாளைக்கு நீ போதகராகி அங்கி போட்டு நிற்கிறாய் என்று வைத்துக்கொள். உனக்கு முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? தோல் மண்டியில் இறங்குகிறவர், லாஸ்டிங் மெஷினில் நிற்கிறவர், பீடி சுற்றுகிற அக்கா, நர்ஸ், டிரைவர். ஆறு நாளும் அவர்கள் செய்கிறதில் ஆண்டவருக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிற போதகர் அவர்களுக்கு ஏழாம் நாள் என்ன நற்செய்தி சொல்வார்? உன் தாத்தாவைப் பின்வரிசையில் உட்காரவைத்த அதே வெட்கத்தைத்தான் வேதவசனம் சேர்த்துத் திரும்பக் கொடுப்பார். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு உட்கார்ந்து கூடாரம் தைத்தவர். அவர் சபைகளுக்கு எழுதின நிருபங்களில் வேலை செய்கிற கையின் மேல் இளக்காரம் கிடையாது. முதலில் உன் வேலையை ஆண்டவர் முன் மதிக்கக் கற்றுக்கொள். அதன் பிறகு இருந்தாலும் சரி, போனாலும் சரி, நீ அவருக்குப் பயன்படுவாய்.

ராஜினாமாவை ஈஸ்டர் முடியும்வரை கொடுக்காதே. இந்த நாட்களில் உங்கள் ஆயரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொல், வெறுப்பையும் சேர்த்துச் சொல். அழைப்பு உண்மையென்றால் அது காத்திருந்ததால் போய்விடாது, இன்னும் உறுதிப்படும். சபைக் கமிட்டிப் பரிந்துரை, பேராயத் தேர்வு, இறையியல் கல்லூரிச் செலவு எல்லாவற்றுக்கும் நான் உன்னோடு நிற்பேன், அப்பாவையும் நிற்கவைப்பேன். வேலையிலேயே இரு என்று கர்த்தர் காட்டினால், திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டுக்குள் நுழையும்போது, அவர் அனுப்பி உள்ளே போகிறவனாகப் போ.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. பெரியம்மா சாப்பாடு செய்து வைப்பாள். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தை வாசித்து ஜெபிப்போம். கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் மேல் பிரியமுள்ள
பெரியப்பா